மூன்றுக்கு நான்கு: கவுத்திமலைக் கறுப்புக் கல்லின் கணக்கு

திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் கவுத்திமலை, வேடியப்பன்மலை என்று இரண்டு மலைகள் உண்டு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வருகிற கூட்டத்தில் பெரும்பாலோர் இந்தப் பெயர்களைக் கேட்டிருக்க மாட்டார்கள். அங்கே கறுப்பும் வெளுப்புமாக வரிவரியாக ஓடும் ஒரு கல் கிடைக்கும். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை அந்தக் கறுப்பு வரிக்கு அருகே கொண்டுபோனால் ‘டக்’கென்று ஒட்டிக்கொள்ளும். வெள்ளை வரி காந்தத்தைச் சட்டை செய்யாது. வெள்ளை, குவார்ட்ஸ், ஆற்று மணலின் சொந்தக்காரன். கறுப்பு, மேக்னடைட். சித்த மருத்துவத்தில் ‘காந்தம்’ என்று பெயர் சொல்லி, சுத்தி செய்து, புடம் போட்டுச் செந்தூரமாக்குவது இந்தக் கனிமத்தைத்தான்.

அண்ணாமலையைப் பற்றித் தலபுராணம் சொல்லும் கதை எல்லோருக்கும் தெரியும். கிருத யுகத்தில் அது அக்கினி மலை, திரேதா யுகத்தில் மாணிக்கம், துவாபரத்தில் பொன், கலியுகத்தில் கல். யுகத்துக்கு ஒரு பொருள். பக்கத்து மலைக் கறுப்புக் கல்லின் கதை தலைகீழ்: கல்லாக இருந்ததை நெருப்பில் போட்டு இரும்பாக்கி, இரும்பை மறுபடி நெருப்பில் போட்டு எஃகாக்கிய உலைக்காரர்கள் தென் ஆற்காட்டிலும் சேலத்திலும் பல நூற்றாண்டுகள் தொழில் நடத்தினார்கள். அவர்கள் கையில் இருந்தது தராசு. கல்லுக்குள் நடந்துகொண்டிருந்ததோ வேறொரு கணக்கு. இரண்டுக்கும் நடுவே பாலம் போட ஐரோப்பிய வேதியியலாளர்களுக்கு ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் பிடித்தன. அந்தப் பாலத்தை இன்று பதினோராம் வகுப்பு மாணவர்கள் ஒரே பாடவேளையில் கடந்துவிடுகிறார்கள்.

குவார்ட்ஸை முழுக்க நீக்கிவிட்ட தூய கறுப்புக் கனிமம் 100 கிராம் எடுத்துக்கொள்வோம். அதில் இரும்பு 72.36 கிராம், ஆக்சிஜன் 27.64 கிராம். எடையைப் பார்த்தால் ஆக்சிஜனைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் இரும்பு இருக்கிறது. பார்த்தவுடன் ‘இது இரும்பு மிகுந்த பொருள், ஆக்சிஜன் சும்மா தொட்டுக்கொள்ள’ என்றுதான் தோன்றும்.

தலையை எண்ணினால் கதை மாறும். கோயில் உண்டியல் எண்ணும்போது நாணயங்களை வகை பிரித்தபின் ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. குவியலை எடை போட்டு, ஒரு நாணயத்தின் எடையால் வகுத்தால் எண்ணிக்கை வந்துவிடும். ஒரு வகை நாணயம் 4 கிராம், இன்னொரு வகை 8 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு குவியலும் ஒரே எடை என்றால், முதல் குவியலில் இரண்டு மடங்கு நாணயம் இருக்கிறது. அணுக்களும் அப்படியே. இரும்பின் அணு நிறை 55.85, ஆக்சிஜனுடையது 16. ஓர் இரும்பணு, ஆக்சிஜன் அணுவைப்போல் மூன்றரை மடங்கு கனம். 72.36-ஐ 55.85-ஆல் வகுத்தால் 1.296. 27.64-ஐ 16-ஆல் வகுத்தால் 1.728. இவைதான் மோல்கள். பெரியதைச் சிறியதால் வகுத்தால் 1.333. ஒன்றுக்கு ஒன்றேகால் சொச்சம் அணு என்று எதுவும் இருக்க முடியாது. மூன்றால் பெருக்கினால் மூன்றுக்கு நான்கு. மூன்று இரும்பணுவுக்கு நான்கு ஆக்சிஜன் அணு. எடையில் தொட்டுக்கொள்ள வந்த ஆக்சிஜன்தான் எண்ணிக்கையில் அதிகம்.

இந்த மூன்றும் நான்கும் தெரிந்து உலைக்காரனுக்கு என்ன ஆகப்போகிறது? தெரியாமலே அவன் இரும்பு எடுத்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவன் செய்த வேலைகளிலேயே அதிகம் முதுகொடிக்கும் வேலையைப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

அந்த வேலை, கல்லை இடிப்பதும் அலசுவதும். வரிக்கல்லை அப்படியே உலையில் கொட்டியதில்லை. நொறுக்கித் தூளாக்கி, முறத்தில் புடைத்தோ நீரில் அலசியோ வெள்ளைத் தூளைப் போக்கிவிட்டுக் கறுப்பை மட்டும் சேர்ப்பார்கள். இன்னும் சுலபமான வழி, மழை வெள்ளம் ஏற்கெனவே அலசிவைத்த கருமணலை ஓடைப் படுகையில் வாரிக்கொள்வது. கறுப்புத் தூள் வெள்ளைத் தூளைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு அடர்த்தி என்பதால் நீர் வெள்ளையைத்தான் முதலில் இழுத்துப் போகும்.

ஏன் இத்தனை பாடு? உலையில் கொஞ்சம் மணல் சேர்ந்தால்தான் என்ன, உருகி ஓடிப்போகட்டுமே என்று விட்டிருக்கலாமே? மணல் தனியாக ஓடாது. இரும்பையும் கூட்டிக்கொண்டு ஓடும். பழைய உலைகள் இருந்த இடங்களில் கறுப்பாக, கண்ணாடி மினுமினுப்போடு, ஓட்டை ஓட்டையாகக் கிடக்கும் கசடை ஊர்ப்பக்கம் சிட்டம் என்பார்கள். இந்த வகை உலைக் கசட்டின் முக்கியமான கனிமம் பயலைட். அதன் எடைக்கூறு: இரும்பு 54.8 சதவீதம், சிலிக்கன் 13.8, ஆக்சிஜன் 31.4. ஒவ்வொன்றையும் அதனதன் அணு நிறையால் வகுத்தால் 0.981, 0.491, 1.963 என்று வரும். இரண்டு, ஒன்று, நான்கு. அதாவது மணலின் ஒவ்வொரு சிலிக்கன் அணுவும் போகும்போது இரண்டு இரும்பணுவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது.

இதை மறுபடி எடைக்குத் திருப்பினால்தான் உலைக்காரனின் வயிற்றெரிச்சல் புரியும். 60 கிராம் மணல், 112 கிராம் இரும்பைத் தின்னும். ஒரு கிலோ மணலுக்கு ஒரு கிலோ எண்ணூற்றைம்பது கிராமுக்கு மேல். கவுத்திமலை போன்ற தமிழ்நாட்டு வரிக்கற்களில் இரும்புச் சத்து பொதுவாக நூற்றுக்கு 35 முதல் 40. 36 என்று கொண்டால், கல்லில் பாதி எடை மேக்னடைட், பாதி குவார்ட்ஸ். ஒரு கிலோ கல்லில் அரைக் கிலோ கறுப்பு. அதில் இரும்பு 362 கிராம். மீதி அரைக் கிலோ மணலுக்கோ 930 கிராம் இரும்பைத் தின்னும் பசி. அலசாமல் கொட்டினால் உலையில் எஞ்சுவது ஒன்றுமில்லை; எல்லாம் சிட்டம். அலசி, மணலைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டால் ஒரு கிலோவில் 651 கிராம் இரும்பு இருக்கும். மணல் அதிகபட்சம் 186 கிராமைத் தின்னும். 465 கிராம் தப்பும். உலையின் மற்ற சேதாரங்கள் தனி.

இதைச் சொல்லும்போது ‘நம் முன்னோர்க்கு அணுக்கணக்கு அன்றே தெரியும்’ என்று சிலர் மேசையைத் தட்டுவார்கள். தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அலசாத தூள் சிட்டமாகப் போவதைத் தாத்தா பார்த்தார், அப்பன் பார்த்தான், பேரன் முறத்தை எடுத்தான். தலைமுறைகளின் நஷ்டத்தில் படித்த பாடம் அது. அவர்களைப் புகழ இந்த உண்மையே போதுமானது. இல்லாத ஒன்றை அவர்கள் தலையில் ஏற்றுவது அவர்களை இறக்குவதாகும்.

இரும்புக்குப் பின் எஃகு. தமிழகத்து எஃகின் பழமைக்குச் சான்றுகள் பல. நொய்யல் கரைக் கொடுமணலில் உலைகளும் மூசைகளும் அகழ்வில் கிடைத்திருக்கின்றன. பழைய தென் ஆற்காடு மாவட்டத்து மேல்சிறுவலூரில் மூசை எஃகு செய்த இடத்தை சாரதா சீனிவாசன் அடையாளம் கண்டு 1994-இல் எழுதினார். திருவண்ணாமலைக்கு மேற்கே செங்கம் வட்டாரம் முழுக்க நடுகற்கள். ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் விழுந்த வீரர்கள் வில்லும் வாளுமாக நிற்கிறார்கள். அந்தக் கற்களில் பலவற்றை ஊர்மக்கள் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். இரும்பு மலைக்கும் அதே சாமியின் பெயர். வாளேந்திய வீரனின் பெயரை வாளுக்குரிய தாது கிடைக்கும் மலை தாங்கி நிற்பது தற்செயலாகவே இருக்கலாம்; ஆனாலும் பொருத்தம்.

மூசை எஃகின் செய்முறையை எழுத்தில் பிடித்துவைத்தவர்களில் ஒருவர் ஜோசையா மார்ஷல் ஹீத். சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்து, வேலையை விட்டு, இரும்பில் இறங்கியவர். 1839-இல் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் இதழில் அவர் எழுதிய கட்டுரையில் சேலம் பக்கத்துக் கொல்லர்களின் முறை வருகிறது. இரும்பைத் துண்டுகளாக வெட்டி, களிமண் மூசையில் இட்டு, இரும்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு உலர்ந்த ஆவாரங் குச்சிகளை நறுக்கிப் போட்டு, மேலே எருக்கிலை மூடி, வாயைக் களிமண்ணால் அடைப்பார்கள். அடைத்த மூசைகளை உலையில் அடுக்கி, துருத்தியால் இரண்டரை மணி நேரம் போல ஊதுவார்கள். ஆறவைத்து மூசையை உடைத்தால் உள்ளே எஃகுக் கட்டி.

பத்துக்கு ஒன்று. எடைக் கணக்கு. பத்து கிலோ இரும்புக்கு ஒரு கிலோ ஆவாரை. மூடிய மூசையில் மரத்தின் பெரும்பகுதி வாயுவாகவும் நீராவியாகவும் கசிந்துபோய், எடையில் நான்கில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோ கரியாக எஞ்சும்: 200, 250 கிராம். இரும்பின் எடையில் நூற்றுக்கு இரண்டு, இரண்டரை. அதிலும் ஒரு பகுதிதான் இரும்பில் கரையும். இவ்வகை எஃகில் கார்பன் பொதுவாக நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு. ஒன்றரை என்று வைத்துக்கொள்ளலாம்.

நூற்றுக்கு ஒன்றரை என்பது கேட்க அற்பம். சாம்பாரில் உப்பு அளவு. அந்த ஒன்றரை, மிருதுவான இரும்பைப் பட்டை தீட்டினால் தலைமுடியை அறுக்கும் எஃகாக மாற்றுவது எப்படி? அணுவாக மாற்றிப் பாருங்கள். 98.5-ஐ 55.85-ஆல் வகுத்தால் 1.764. கார்பனின் அணு நிறை 12, 1.5-ஐ 12-ஆல் வகுத்தால் 0.125. பதினான்கு இரும்பணுவுக்கு ஒரு கார்பன் அணு. கார்பன் லேசான அணு என்பதால் தராசு அதைக் காட்டிக்கொடுப்பதில்லை. பதினைந்து பேர் வரிசையில் ஒருவர் வேற்றாள் என்றால் வரிசையின் நடையே மாறும். இரும்பின் உருகுநிலை ஏறக்குறைய நூறு டிகிரி இறங்குவதும், ஆறும்போது கார்பனில் ஒரு பகுதி மூன்று இரும்பணுவுக்கு ஒன்று என்ற கணக்கில் கூடி சிமென்டைட் என்ற மிகக் கடினமான பொருளாக வரிவரியாகப் பிரிவதும் இதனால்தான். டமாஸ்கஸ் வாள்களின் மேல் நீரோட்டம்போல் தெரியும் கோலம் அந்த வரிகளே.

ஐரோப்பாவில் இந்தத் தராசுக்கும் எண்ணிக்கைக்குமான தகராறு தொடங்கியதிலும் இரும்புக்குப் பங்கு உண்டு. ஸ்பெயினில் வேலை பார்த்த பிரெஞ்சுக்காரர் ஜோசப் புரூஸ்ட், 1790-களில் இரும்பின் ஆக்சைடுகளை ஆராய்ந்து, ஒரு சேர்மத்தில் தனிமங்கள் எப்போதும் ஒரே எடை விகிதத்தில்தான் சேரும் என்றார். கிளாட் பெர்தொலே மறுத்தார். விகிதம் தொடர்ச்சியாக மாறிக்கொண்டே போகலாம் என்பது அவர் கட்சி. பெர்தொலே முட்டாள் அல்லர். கவுத்திமலைக் கல்லை அப்படியே எடுத்துப் பகுத்தால் அவர் சொல்வதுதான் சரிபோலத் தெரியும். பாதிக்குப் பாதி கலந்த கல்லில் இரும்பு 36.2, சிலிக்கன் 23.4, ஆக்சிஜன் 40.4. வகுத்துப் பார்த்தால் 1-க்கு 1.28-க்கு 3.90 என்று ஏதோ வரும். எதனால் பெருக்கினாலும் ஒழுங்கான முழு எண் கிடைக்காது. பக்கத்துக் கல்லை எடுத்தால் வேறு எண்கள். அது கலவை, கலவைக்கு வாய்பாடு கிடையாது. கறுப்பைத் தனியே, வெள்ளையைத் தனியே பிரித்தபின்தான் மூன்றுக்கு நான்கும் ஒன்றுக்கு இரண்டும் தலைகாட்டும். முறத்தில் புடைத்த பெண்கள் செய்த அதே பிரிப்பை புரூஸ்ட் ஆய்வுக்கூடத்தில் செய்தார் என்று சொல்லலாம்.

அடுத்து வந்தவர் மான்செஸ்டரின் ஜான் டால்டன். 1803 முதல் அணு எடைகளை யோசித்து, 1808-இல் புத்தகமாக வெளியிட்டார். தனிமங்கள் அணுக்களாகச் சேர்வதால்தான் எடைகள் நிலையாக இருக்கின்றன என்ற அவர் கருத்து சரி. ஆனால் எத்தனை அணு எத்தனை அணுவோடு என்பதை அறிய அவரிடம் வழி இல்லை. நீரில் ஒன்றுக்கு ஒன்று என்று ஊகித்தார். அதனால் ஆக்சிஜனின் அணு எடை ஏழு என்று அவருக்கு வந்தது. நாணயம் ஒன்றின் எடை தெரியாமல் குவியலை எடைபோட்டவர் நிலை. எண்ணிக்கை தெரிந்தால் அணு எடை தெரியும். அணு எடை தெரிந்தால் எண்ணிக்கை தெரியும். இரண்டும் தெரியாவிட்டால் செக்குமாடு.

இந்தச் சுற்றில் இரும்பு மாட்டிக்கொண்ட விதம் வேடிக்கையானது. 100 கிராம் இரும்போடு சேரும் ஆக்சிஜன், முதல் ஆக்சைடில் 28.65 கிராம், துருவின் உறவான சிவப்பு ஆக்சைடில் 42.97 கிராம். இரண்டுக்குமான விகிதம் இரண்டுக்கு மூன்று, துல்லியமாக. நம் கறுப்புக் கல் இடையில் 38.2-இல் நிற்கிறது. ஸ்வீடனின் பெர்சீலியஸ், அந்தக் காலத்தில் அவரைவிடச் சுத்தமாக எடை போட்டவர் இல்லை எனலாம். இரண்டுக்கு மூன்றைப் பார்த்தவர், ஓர் இரும்பணுவோடு முதல் ஆக்சைடில் இரண்டு ஆக்சிஜன், அடுத்ததில் மூன்று என்று எழுதிவிட்டார். எடைகள் அதற்குப் பொருந்தவே செய்தன. விளைவு, 1818-இல் அவர் வெளியிட்ட பட்டியலில் இரும்பின் அணு எடை இன்றைய மதிப்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

தராசில் பிழை இல்லை. வகுத்த எண் பிழை.

அதைத் திருத்த உதவியது வெப்பம். 1819-இல் பாரிஸில் துலோங், பெத்தி இருவரும் ஒன்றைக் கவனித்தார்கள்: திடத் தனிமங்களின் வெப்ப ஏற்புத் திறனை அணு எடையால் பெருக்கினால் ஏறக்குறைய ஒரே எண் வருகிறது. இன்றைய அலகில் சுமார் 25. இரும்புக்கு 0.449-ஐ 55.85-ஆல் பெருக்கினால் 25.1. பெர்சீலியஸின் இரட்டை எடையைப் போட்டால் ஐம்பதைத் தொடும். கூட்டத்தில் இரும்பு மட்டும் ஒட்டாமல் நிற்கும். அதே சமயம் அவருடைய மாணவர் மிட்சர்லிக், ஒத்த அமைப்புள்ள சேர்மங்கள் ஒத்த வடிவப் படிகங்களாகும் என்று காட்டினார். 1826-இல் பெர்சீலியஸ் இறங்கிவந்தார். இரும்பைப் பாதியாக்கி, சிவப்பு ஆக்சைடை இரண்டுக்கு மூன்று என்று மாற்றி எழுதினார். கொல்லன் தொட்டுப் பார்த்து அறியும் சூடு, அணுவின் எடைக்குச் சாட்சி சொல்ல வந்தது.

ஹீத் தன் உலைகளை மூட்டியது இதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின். 1830-இல் வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில், ஆங்கிலேயர் போர்ட்டோ நோவோ என்ற ஊரில், ஐரோப்பிய பாணி ஊதுலை எழுந்தது. தாது சேலம் பக்கத்து மேக்னடைட். அது காவிரி வழியாகவும் கொள்ளிடம் வழியாகவும் பரிசல்களில் இறங்கி வந்தது. ஊதுலையில் மணலை அலசுவதற்கு மாற்று உபாயம் உண்டு: சுண்ணாம்பைப் போடுவது. சிலிக்கனின் பசிக்கு இரும்பைத் தின்னக் கொடுக்காமல் கால்சியத்தைக் கொடுப்பது. ஒரு சிலிக்கனுக்கு ஒரு கால்சியம் என்றால், 60 கிராம் மணலுக்கு 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு போதும். 112 கிராம் இரும்பு தப்பும். பழைய உலைக்கும் புதிய உலைக்கும் இடையிலான லாபக் கணக்கில் பெரும்பகுதி இந்த ஒரு வரியில் அடங்கும்.

ஆனாலும் லாபம் வரவில்லை. ஹீத்தின் கம்பெனி பெயர் மாறியது, அரசிடம் கடன் வாங்கியது, மலபார்க் கரையில் பேப்பூரில் இன்னொரு ஆலை எழுப்பியது. 1853-இல் நான்கு லட்சம் பவுண்டு மூலதனத்தோடு ஈஸ்ட் இண்டியா அயர்ன் கம்பெனி வந்தது. தென் ஆற்காடு மாவட்டத்தில் ஓர் உலையும் காவிரிக் கரையில் இன்னோர் உலையும் கட்டியது. அன்று திருவண்ணாமலை தாலுகா தென் ஆற்காட்டைச் சேர்ந்தது என்பதை நினைவில் கொள்ளவேண்டும். வடஆற்காட்டுக்கு அது போனது பின்னால்தான். இந்தக் கம்பெனியும் நிலைக்காமல் 1874-இல் கலைக்கப்பட்டது.

கெடுத்தது தாதுவல்ல, கரி. இதையும் மோலில் போட்டுப் பார்க்கலாம். மூன்று இரும்பணுவிடமிருந்து நான்கு ஆக்சிஜனைப் பிடுங்க, வேதியியல் கேட்பது இரண்டு முதல் நான்கு கார்பன் அணு. எடையில், ஒரு கிலோ இரும்புக்கு 143 முதல் 287 கிராம் கார்பன். அவ்வளவுதான். ஆனால் உலை தின்றது அதைப்போல் பல மடங்கு. ஆக்சிஜனைப் பிடுங்கியதைவிட, உலையைச் சூடாக வைத்திருக்கத்தான் மரம் எரிந்தது. நிலக்கரி அருகில் இல்லாத நாட்டில் ஊதுலை நடத்துவது என்றால் காட்டை நடந்து நடந்து தேடவேண்டும். உலை நிற்கும் இடத்திலிருந்து காடு ஆண்டுக்கு ஆண்டு விலகிப் போகும். வண்டிக் கூலி ஏறும். மர அடுப்பில் சமைக்கும் வீட்டுப் பெண்ணிடம் கேட்டிருந்தால் ஹீத்துக்கு இதைச் சொல்லியிருப்பார்.

ஹீத்தின் இன்னொரு கதையும் இங்கே சொல்லத்தக்கது, ஏனென்றால் அது எடைக்கும் பெயருக்கும் நடந்த வழக்கு. 1839-இல் அவர் இங்கிலாந்தில் ஒரு காப்புரிமை பெற்றார்: உருக்கெஃகில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரை மாங்கனீசு கார்புரெட் சேர்த்தால் எஃகு நன்றாகும், மலிவான இரும்பும் போதும். ஷெஃபீல்டு முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. ஆனால் கார்புரெட்டைத் தனியே செய்வதற்குப் பதில், மாங்கனீசு ஆக்சைடையும் கரியையும் தனித்தனியே மூசையில் போட்டார்கள். ஹீத்திடம் வேலை செய்த அன்வின் என்பவரே இதில் முன்னணி. போடுவது வேறு, ஆனால் சூட்டில் உள்ளே உருவாவது அதுதானே என்று ஹீத் வழக்குப் போட்டார். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 1851-இல் ஹீத் இறந்தார். 1855-இல் பிரபுக்கள் சபை அவர் தரப்புக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. மூசைக்குள் எத்தனை அணு எதனோடு சேர்கிறது என்பதைப் பற்றி வேதியியலாளர்களே ஒருமித்து நிற்காத காலம் அது. நீதிபதிகள் எந்தக் கணக்கை வைத்துத் தீர்ப்பார்கள்?

வேதியியலாளர்கள் ஒருமித்தது அதற்கும் பின்னால். 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய மாநாட்டில் இத்தாலியரான கனிசாரோ, அவகாட்ரோ 1811-இல் சொல்லிக் கவனிப்பாரற்றுக் கிடந்த கருத்தைத் தூசி தட்டி எடுத்தார். அணு எடைகள் ஒரு ஒழுங்குக்கு வந்தன. ‘மோல்’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட், 1890-களில். இதில் ஒரு முரண். அணு என்று ஒன்று உண்மையில் இருக்கிறதென்பதையே ஆஸ்ட்வால்ட் அப்போது ஏற்கவில்லை. ஏற்க இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. அணுவை எண்ணும் சொல்லை உலகத்துக்குக் கொடுத்தவர் அணுவை நம்பாதவர். மோல் அனைத்துலக அடிப்படை அலகானது 1971-இல். 2019 மே 20 முதல் அதன் எண் இம்மி பிசகாமல் வரையறுக்கப்பட்டது: 602214076-க்குப் பின்னால் பதினைந்து சுழி.

கவுத்திமலை மறுபடி செய்தியில் அடிபட்டது 2000-களின் நடுவில். தமிழ்நாடு அரசின் டிட்கோவும் ஜிண்டால் குழுமத்தின் எஃகு நிறுவனமும் கூட்டாக இரு மலைகளிலும் தாது வெட்டும் திட்டத்தைக் கொண்டுவந்தன. 325 ஹெக்டேர் வனநிலம் தேவைப்பட்டது. சுற்றுவட்டார ஊர்கள் எதிர்த்து எழுந்தன. மேய்ச்சல், நீரோடை, வேடியப்பன் கோயில் என்று ஒவ்வோர் ஊருக்கும் ஒரு காரணம். சுரங்கம் திறக்கவில்லை.

அந்தச் சர்ச்சையில் பலரும் நூற்றுக்கு முப்பத்தாறு என்ற மாதிரியான எண்ணை ‘தாதுவளம்’ என்று படித்தார்கள். அதே எண்ணை மறுபக்கமாகவும் படிக்கலாம். நூறு டன் கல் வெட்டினால் இரும்பு 36 டன். அதோடு கட்டுண்ட ஆக்சிஜன் 14 டன். அது உலையில் கார்பனோடு சேர்ந்து காற்றில் போகும். மிச்சம் 50 டன் குவார்ட்ஸ். அன்று முறத்திலிருந்து பறந்த தூசி, ஆலையில் நனைந்த நுண்மணலாகக் குவியும். அதை எங்கே கொட்டுவது, மழைக்காலத்தில் அது எந்த ஏரிக்குப் போகும் என்பது மலையடிவாரத்துக்காரர்களின் கேள்வியாக இருந்தது.

திருவண்ணாமலைப் பள்ளிகளில் பதினோராம் வகுப்புக்கு ஜூன் மாதம் தொடங்கும் வேதியியலில், முதல் பாடமே வேதிக் கணக்கீடுகள். ‘எளிய விகித வாய்பாடு காண்க’ என்ற கணக்கில் இரும்பு ஆக்சைடு அடிக்கடி வரும். தனிமம், நிறை சதவீதம், அணு நிறை, ஒப்பு மோல் எண்ணிக்கை, எளிய விகிதம் என்று கட்டம் கட்டி, மாணவர்கள் மளமளவென்று வகுப்பார்கள். கடைசிக் கட்டத்தில் 1, 1.33 என்று வந்து நிற்கும். பாதிப் பேர் 1.33-ஐ ஒன்றாக்கிவிட்டு, ஓர் இரும்புக்கு ஓர் ஆக்சிஜன் என்று எழுதிப் பேனாவை மூடிவிடுவார்கள். அது கறுப்புக் கல் அல்ல, வேறொரு ஆக்சைடு. சிவப்பு மையில் ஒரு சுழி விழும். பக்கத்தில் ஆசிரியர் எழுதுவார்: மூன்றால் பெருக்கு. பெருக்கினால் 3, 3.99.